நலனுக்கும் உரிமைக்கும் நடுவே 10 ஆண்டுகள்

2009 அக்டோபரில் பிரிட்டன் நாடாளுமன்றத்தின் குழு அறை ஒன்றில் மேகி அட்கின்சன் என்ற பெண்மணி கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்ஸ்ஹெட் நகராட்சியில் சிறார் சேவைகளின் இயக்குநர் அவர். இங்கிலாந்தின் சிறார் ஆணையர் பதவிக்கு அமைச்சர் எட் பால்ஸ் அவரைத் தேர்ந்தெடுத்திருந்தார். நியமன உத்தரவு வருவதற்கு முன்னால் குழந்தைகள், பள்ளிகள், குடும்பங்களுக்கான தேர்வுக்குழு அவரை ஒருமுறை விசாரிக்க வேண்டும். 2007இல் கார்டன் பிரவுன் பிரதமரானதும் கொண்டுவந்த ஏற்பாடு இது. முக்கியமான பொதுப்பதவிகளுக்கு வருகிறவர்களை நாடாளுமன்றம் முன்கூட்டியே ஒரு பார்வை பார்த்துவிடட்டும் என்பது யோசனை. பார்வை மட்டும்தான். குழு வேண்டாம் என்றாலும் அமைச்சர் நியமிக்கலாம்.

குழு வேண்டாம் என்றுதான் சொன்னது. அவருடைய திறமையில் குறை காணவில்லை. ஆனால் இந்தப் பதவியின் சுதந்திரத்தை நிலைநாட்டுகிற உறுதி, குழந்தைகளுக்காக இருக்கிற நிலையைக் கேள்வி கேட்கிற துணிவு, பதவியின் எல்லைகளை இழுத்துப் பார்க்கிற ஆர்வம், இதெல்லாம் அவரிடம் போதுமான அளவு தென்படவில்லை என்று எழுதியது. குறிப்பாகக் குழந்தைகளின் உரிமைகளுக்காக வாதாடும் விஷயத்தில். குழுவின் தலைவர் பாரி ஷீர்மன் அமைச்சரின் கட்சிக்காரர். குழுவில் பெரும்பான்மையும் தொழிற்கட்சிதான். எட் பால்ஸ் அறிக்கையைப் படித்தார், நன்றி சொன்னார், அட்கின்சனையே நியமித்தார். ஒரு தேர்வுக்குழுவின் எதிர்ப்பை மீறி அமைச்சர் நியமனம் செய்தது அதுவே முதல் முறை. ஷீர்மன் வெளிப்படையாகவே கொதித்தார். சொந்தக் கட்சி அமைச்சரை அடாவடிக்காரர் என்கிற அளவுக்குப் போனார்.

இந்தச் சம்பவத்தை அரசியல் வரலாற்று நூல்கள் அமைச்சர் ஜெயித்தாரா, குழு தோற்றதா என்ற கணக்கில் இரண்டு பத்திகளில் முடித்துவிடுகின்றன. எனக்கு இதில் வேறொரு விஷயம் முக்கியமாகப்படுகிறது. வாக்குரிமை இல்லாத, வரி கட்டாத, சங்கம் வைக்க முடியாத ஒரு கூட்டத்துக்காகப் பேச ஒருவரை நியமிக்கிறோம். அவரை நியமிப்பது அரசு. சம்பளம் அரசுடையது. அவர் பெரும்பாலும் குற்றம் சொல்ல வேண்டியதும் அதே அரசைத்தான். அப்படியென்றால் அவருடைய முதுகெலும்பை யார் சோதிப்பது?

கொஞ்சம் பின்னால் போகலாம். இந்தப் பதவியை உலகத்துக்கு முதலில் காட்டியது நார்வே. 1981இலேயே அங்கே 'பார்னெஓம்புட்' வந்துவிட்டார். ஐநாவின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கைக்கு 8 ஆண்டுகள் முந்தியது அது. பிரிட்டன் அசையவில்லை. அசைய வைத்தது வேல்ஸ்.

வட வேல்ஸின் கிளவிட், குவினெத் வட்டாரங்களில் அரசுப் பராமரிப்பு இல்லங்கள் இருந்தன. பெற்றோரால் வளர்க்க முடியாத, அல்லது பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட குழந்தைகளை அரசு தன் பொறுப்பில் எடுத்து வைத்திருந்த இடங்கள். 1974இலிருந்து அங்கே நடந்த கொடுமைகளை விசாரிக்க 1996இல் சர் ரொனால்ட் வாட்டர்ஹவுஸ் தலைமையில் தீர்ப்பாயம் அமைத்தார்கள். 2000 பிப்ரவரியில் அறிக்கை வந்தது. தலைப்பைத் தமிழில் 'பராமரிப்பில் தொலைந்தவர்கள்' என்று சொல்லலாம். அதைப் படிக்கும்போது மனதில் தங்குவது கொடுமைகளின் பட்டியல் மட்டுமல்ல. பிள்ளைகள் சொல்லியிருக்கிறார்கள். பணியாளர்களிடம் சொல்லியிருக்கிறார்கள், போலீசிடம் சொல்லியிருக்கிறார்கள். சொன்னவன் யார்? இல்லத்துப் பையன். திருடியிருப்பான், பொய் சொல்லியிருப்பான், ஓடிப்போயிருப்பான். அவன் பேச்சை எடுத்துக்கொண்டு மேலே போக யாருக்கும் வேலை விதிக்கப்பட்டிருக்கவில்லை. அதனால்தான் வாட்டர்ஹவுஸின் பரிந்துரைகளில் முதலாவதாக வேல்ஸுக்கு ஒரு சிறார் ஆணையர் வேண்டும் என்பது வந்தது.

2001 மார்ச்சில் பீட்டர் கிளார்க் பதவியேற்றார். பிரிட்டன் முழுவதிலும் முதல் சிறார் ஆணையர். அவரைத் தேர்ந்தெடுத்த நேர்காணலில் இளையோரும் இருந்தார்கள். சும்மா அழகுக்கு உட்காரவைத்ததாக முதலில் தோன்றலாம். ஆனால் பிள்ளைகளிடம் பேசத் தெரியாத ஆளைப் பிள்ளைகளைவிடச் சீக்கிரமாகக் கண்டுபிடிக்க யாரால் முடியும்? கிளார்க் பிறகு ஒரு நாடக ஆசிரியர் மாணவர்களிடம் நடந்துகொண்ட விதத்தை விசாரித்தார். வழக்கு தொடங்கும் முன்பே அந்த ஆசிரியர் தற்கொலை செய்துகொண்டார், நீதிமன்றத்தின் கதவு மூடிவிட்டது. ஆணையருக்குச் சட்டம் கொடுத்த விசாரணை அதிகாரம் மட்டும் மீதமிருந்தது. 2004இல் 'கிளைவுக்' என்ற பெயரில் வந்தது அறிக்கை. வேல்ஷ் மொழியில் 'கேளுங்கள்' என்பதுதான் அந்தச் சொல்.

வாட்டர்ஹவுஸ் அறிக்கை வந்த அதே 2000 பிப்ரவரியில் லண்டனில் விக்டோரியா கிளிம்பியே இறந்தாள். ஐவரி கோஸ்ட்டில் பிறந்த 8 வயதுச் சிறுமி. நல்ல படிப்பு கிடைக்கும் என்று நம்பிப் பெற்றோர் ஓர் உறவுக்காரப் பெண்ணுடன் அனுப்பி வைத்தார்கள். பிணப் பரிசோதனையில் 128 காயங்கள் எண்ணப்பட்டன. சமூக நலத்துறைகள், போலீஸ், இரண்டு மருத்துவமனைகள் எல்லாருடைய கோப்பிலும் அவள் இருந்தாள். அவளைக் காப்பாற்றக் குறைந்தது 12 வாய்ப்புகள் வந்து போயின என்று லார்ட் லேமிங் 2003 ஜனவரியில் எழுதினார். பிள்ளையை 'நல்ல இடத்துக்கு' அனுப்பி வைக்கும் பழக்கம் நம் குடும்பங்களிலும் உண்டு. அதனாலேயே அந்த அறிக்கையை என்னால் ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை.

லேமிங்குக்குப் பிறகு இங்கிலாந்துக்கும் ஆணையர் வேண்டும் என்பதை அரசால் தட்ட முடியவில்லை. வேல்ஸில் இருந்தார், வட அயர்லாந்தில் 2003இல் வந்துவிட்டார், ஸ்காட்லாந்தில் சட்டம் தயார். மக்கள்தொகையில் மிகப் பெரிய இங்கிலாந்துக்குத்தான் இல்லை. 2004 மார்ச்சில் சிறார் மசோதா பிரபுக்கள் அவைக்கு வந்தது. சண்டையும் கூடவே வந்தது.

சண்டை ஒரு சொல்லைப் பற்றியது. மற்ற மூன்று நாடுகளின் ஆணையர்களுக்கும் குழந்தைகளின் உரிமைகளையோ நலனையோ பாதுகாப்பதும் முன்னெடுப்பதும் கடமை. இங்கிலாந்து மசோதாவில் இருந்ததோ குழந்தைகளின் 'கருத்துகள், நலன்கள் பற்றிய விழிப்புணர்வை' வளர்ப்பது. மனித உரிமைகளுக்கான இரு அவைக் கூட்டுக்குழு இதைக் குறையாகச் சுட்டிக்காட்டியது. பிரபுக்கள் அவையில் பலர் 'உரிமை'யை உள்ளே கொண்டுவரப் போராடினார்கள். நவம்பரில் மசோதா சட்டமானபோது ஆணையரின் தலையாய கடமை விழிப்புணர்வாகவே நின்றது. இன்னொரு பூட்டும் இருந்தது. தனிப்பட்ட ஒரு குழந்தையின் விஷயத்தில் பொது முக்கியத்துவம் இருப்பதாகக் கருதி விசாரணை நடத்த விரும்பினால், ஆணையர் முதலில் அமைச்சரைக் கலந்தாலோசிக்க வேண்டும். அமைச்சர் விரும்பினாலோ ஆணையரிடம் ஒரு விசாரணையை நடத்தச் சொல்லி உத்தரவிடலாம். ஆண்டறிக்கையும் அமைச்சர் கை வழியாகத்தான் நாடாளுமன்றத்துக்குப் போகும்.

ஒரு சொல்லுக்கு இவ்வளவு அடிதடியா என்று கேட்கலாம். தமிழில் யோசித்தாலே புரிந்துவிடுகிறது. 'நலன்' என்பதைப் பெரியவர்கள் தீர்மானித்துக் கொடுக்கலாம். 'உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்' என்று சொல்லி அடிக்கவும் செய்யலாம், நமக்குத் தெரியாததா. 'உரிமை' என்று சொல்லிவிட்டால் குழந்தை திருப்பிக் கேட்கும். கேட்டதைக் கொடுக்காவிட்டால் யாராவது ஒருவர் காரணம் சொல்லியாக வேண்டும். அரசு வழக்கறிஞர்களுக்கு இந்த வேறுபாடு நன்றாகவே தெரிந்திருந்தது.

2005இல் முதல் ஆணையராக வந்த அல் ஐன்ஸ்லி-கிரீன் குழந்தை மருத்துவப் பேராசிரியர். பல் இல்லாத பதவி என்று எல்லாரும் சொன்ன இடத்தில் அவர் வாயைப் பயன்படுத்தினார். கடைவாசலில் கூடும் இளையோரை விரட்ட, அவர்கள் காதுக்கு மட்டும் கேட்கும் உயர் அதிர்வு ஒலியை எழுப்பும் 'மொஸ்கிட்டோ' கருவிக்கு எதிராக 2008இல் இயக்கம் நடத்தினார். கொசு விரட்டுவதுபோலப் பிள்ளைகளை விரட்டுவதா என்பதுதான் விஷயம். அதைவிடப் பெரியது யார்ல்ஸ் வுட். பெட்ஃபர்ட்ஷயரில் உள்ள குடிநுழைவுத் தடுப்பு முகாம். நாடு கடத்தப்படவிருந்த குடும்பங்களைக் குழந்தைகளோடு அடைத்து வைத்திருந்தார்கள். அவர் நேரில் போனார், பிள்ளைகளிடம் பேசினார். விடியற்காலையில் கதவைத் தட்டி வந்த அதிகாரிகள், கம்பி போட்ட வண்டி, பூட்டிய கதவுகள் என்று பிள்ளைகள் கண்டதை எல்லாம் 2009இல் ஓர் அறிக்கையாகவும் 2010 பிப்ரவரியில் தொடரறிக்கையாகவும் வெளியிட்டார். 2010 மேயில் வந்த கூட்டணி அரசு குழந்தைகளைக் குடிநுழைவுக் காவலில் வைப்பதை நிறுத்துவதாக அறிவித்தது. அந்த ஆண்டு டிசம்பரில் யார்ல்ஸ் வுட்டின் குடும்பப் பிரிவு மூடப்பட்டது. அவர் ஒருவரால் மட்டும் நடந்தது என்று சொல்ல மாட்டேன், எத்தனையோ அமைப்புகள் கத்தின. ஆனால் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுத அவருக்குச் சட்டப்படி வழி இருந்தது, அவர்களுக்கு இல்லை.

இப்படி ஒருவருக்குப் பிறகு யார் என்ற கேள்வியோடுதான் 2009இல் குழு அட்கின்சனைப் பார்த்தது. குழுவின் கவலை எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதல்லவா.

ஆனால் வரலாறு குழுவையும் சும்மா விடவில்லை. பதவியேற்ற சில நாட்களில், 2010 மார்ச்சில், அட்கின்சன் ஒரு நாளிதழ் பேட்டியில் குற்றப் பொறுப்பு வயதை 10இலிருந்து 12க்கு உயர்த்த வேண்டும் என்றார். 1993இல் லிவர்பூல் அருகே 2 வயதுக் குழந்தையை 10 வயதுச் சிறுவர்கள் இருவர் கொன்ற வழக்கையும் தொட்டுப் பேசினார். இங்கிலாந்தில் அந்த வழக்கைத் தொட்டவர் கை சுடாமல் திரும்பியதில்லை. குழந்தையின் தாய் அட்கின்சனைப் பதவி நீக்கச் சொன்னார். வயதை மாற்றும் எண்ணமில்லை என்று அரசு உடனே ஒதுங்கிக்கொண்டது. தாய்க்கு ஏற்பட்ட வேதனைக்காக அட்கின்சன் மன்னிப்புக் கேட்டார். இருக்கும் நிலையைக் கேள்வி கேட்க மாட்டார் என்று குழு சந்தேகப்பட்டவர் முதல் வாரங்களிலேயே நாட்டின் மிகப் பெரிய புண்ணைத் தொட்டிருந்தார். ஒரு மணி நேர விசாரணையில் ஒருவரின் துணிவை அளந்துவிட முடியுமா என்று நானும் யோசித்துப் பார்க்கிறேன். (இங்கிலாந்தில் இன்றும் அந்த வயது 10தான். மலேசியாவின் தண்டனைச் சட்டத்திலும் 10தான். எங்கிருந்து வந்த சட்டம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.)

2010இல் புதிய அரசு செலவைக் குறைக்கப் பொது அமைப்புகளை ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டிருந்தது. சிறார் ஆணையரும் வெட்டுக்கட்டையில் இருந்தார். முன்னாள் பள்ளித் தலைவர்கள் சங்கத்துக்காரர் ஜான் டன்ஃபர்டிடம் ஆய்வை ஒப்படைத்தார்கள். டிசம்பரில் அவர் கொடுத்த முடிவு பலரும் எதிர்பாராதது. ஆணையர் அலுவலகத்தின் தாக்கம் ஏமாற்றமளிக்கிறது, அதற்குப் பெரிய காரணம் சட்டமே அதன் கையைக் கட்டியிருப்பது, ஆகவே மூடாதீர்கள், பலப்படுத்துங்கள் என்றார். நாடாளுமன்றத்துக்கு நேரடியாக அறிக்கை கொடுக்கட்டும் என்றார். வரைவு விதிகளை 2012இல் கூட்டுக்குழு மறுபடி அலசியது. 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டத்தில் ஆணையரின் தலையாய கடமை இங்கிலாந்துக் குழந்தைகளின் உரிமைகளை முன்னெடுப்பதும் பாதுகாப்பதும் என்று ஆனது. விசாரணைக்கு முன் அமைச்சரைக் கேட்கும் நிபந்தனை போனது. பதவிக்காலம் 6 ஆண்டுகள், மறு நியமனம் கிடையாது. அடுத்த தவணைக்காக அமைச்சரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம் என்பது இதன் பொருள். ஒரு சொல்லை நகர்த்த 10 ஆண்டுகள் ஆகியிருந்தன.

நடுவில் அலுவலகத்தின் மேலும் கறை விழாமலில்லை. பணிவிலகல் தொகையோடு போன துணை ஆணையர் ஒருவர் உடனேயே ஆலோசகராகத் திரும்ப அமர்த்தப்பட்டது 2015இல் செய்தியானது, கேள்விகள் எழுந்தன. எழ வேண்டியதுதான். குழந்தைகளின் பெயரால் நடக்கும் அலுவலகத்துக்குக் கணக்கு கேட்கக் கூடாது என்று யாரும் சொல்ல முடியாது. அதே துணை ஆணையர் நடத்திய, கும்பல்களால் நடக்கும் பாலியல் சுரண்டல் பற்றிய ஆய்வு 2012இல் 14 மாதங்களுக்குள் 2,409 பிள்ளைகள் பாதிக்கப்பட்டிருப்பதை உறுதிப்படுத்தியது. அரசுத் தரப்பில் பெயர் சொல்லாத குரல்கள் அப்போது அதை மிகைப்படுத்தல் என்று கேலி செய்தன. இரண்டையும் ஒன்றாகவே நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

புதிய சட்டம் உண்மையில் சோதிக்கப்பட்டது 2020இல். பெருந்தொற்று. ஏப்ரல் 23ஆம் தேதி அரசு ஒரு விதித்தொகுப்பை நாடாளுமன்றத்தில் வைத்தது. 24ஆம் தேதி அது நடைமுறைக்கு வந்துவிட்டது. வழக்கமாகக் குறைந்தது 21 நாள் இடைவெளி விடுவார்கள், உறுப்பினர்கள் படிக்க வேண்டுமே. இது ஒரே நாளில் முடிந்தது. உள்ளே இருந்தது என்ன? அரசுப் பராமரிப்பில் இருந்த சுமார் 80,000 பிள்ளைகளுக்கான பாதுகாப்பு விதிகளின் தளர்வு. சமூகப் பணியாளர் குறித்த காலத்துக்குள் பிள்ளையைப் போய்ப் பார்க்க வேண்டும் என்பது 'முடிந்தபோது' ஆகலாம், பார்ப்பது தொலைபேசியிலும் இருக்கலாம். 6 மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் மறுஆய்வுக்கும் அதே 'முடிந்தபோது'. வளர்ப்புப் பெற்றோரையும் தத்தெடுப்போரையும் பரிசீலிக்கும் சுயேச்சைக் குழுக்கள் கட்டாயமில்லை. 'ஆர்ட்டிக்கிள் 39' என்ற சிறிய தொண்டு அமைப்பு உட்கார்ந்து எண்ணி, 65 பாதுகாப்புகள் போய்விட்டன அல்லது நீர்த்துவிட்டன என்றது. பராமரிப்பில் தொலைந்தவர்களைப் பற்றி அவ்வளவு பெரிய அறிக்கை எழுதிச் சரியாக 20 ஆண்டுகள்.

அப்போது ஆணையர் ஆன் லாங்ஃபீல்ட். விதிகளைத் திரும்பப் பெறுங்கள் என்று ஒரு வாரத்துக்குள் அறிக்கை விட்டார். ஜூனில் எதிர்க்கட்சி நாடாளுமன்றத்தில் ரத்துத் தீர்மானம் கொண்டுவந்தது, ஆளுங்கட்சியின் எண்ணிக்கைக்கு முன்னால் அது தோற்றது. ஆர்ட்டிக்கிள் 39 நீதிமன்றம் போனது. உயர் நீதிமன்றத்திலும் தோல்வி. வழக்கின்போது ஒரு விஷயம் தெளிவாக வெளியே வந்தது. விதிகளை மாற்றும் முன் அமைச்சகம் பேசாமலில்லை. உள்ளாட்சிகளிடமும் சேவை நடத்துபவர்களிடமும் மின்னஞ்சலிலும் தொலைபேசியிலும் வாரக்கணக்கில் பேசியிருந்தது. பேசாதது ஆணையரிடமும் பராமரிப்பில் உள்ள பிள்ளைகளுக்காகப் பேசும் அமைப்புகளிடமும்தான். சுமையைக் குறைக்கச் சொன்னவர்களைக் கேட்டார்கள், சுமையாகக் கருதப்பட்டவர்களைக் கேட்கவில்லை. நவம்பர் 24ஆம் தேதி மேல்முறையீட்டு நீதிமன்றம், ஆணையரைக் கலந்தாலோசிக்காமல் விட்டது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. அதற்குள் பெரும்பாலான விதிகள் செப்டம்பரிலேயே காலாவதியாகிவிட்டிருந்தன. அந்த 5 மாதங்களில் எத்தனை பிள்ளைகளின் கதவு தட்டப்படாமல் போனது என்பதை எந்தத் தீர்ப்பும் திருப்பிக் கொண்டுவராது.

2021 பிப்ரவரியில் விடைபெறும் உரையில் லாங்ஃபீல்ட் அரசு இயந்திரத்திலேயே குழந்தைகளுக்கு எதிரான ஒரு சாய்வு ஊறியிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். மறு நியமனம் இல்லாத பதவி கொடுக்கும் சுதந்திரம் அது.

அடுத்து வந்த ரேச்சல் டி சூசா அரசுக்கு நெருக்கமானவர் என்ற பேச்சு வரும்போதே இருந்தது. அகாடமிப் பள்ளிக் குழுமம் நடத்தியவர். 2020 டிசம்பரில் கல்விக்குழு விசாரித்தது, ஏற்றுக்கொண்டது. 2009போல ரகளை ஏதும் இல்லை. பிறகு ஹாக்னி பள்ளி ஒன்றில் 15 வயதுக் கறுப்பின மாணவியைப் போலீசார் ஆடை களைந்து சோதித்த விவகாரம் 2022 மார்ச்சில் வெளியே வந்தபோது, டி சூசா பொது அமைப்புகளிடம் தகவல் கேட்டுப்பெறத் தனக்குச் சட்டம் தந்த அதிகாரத்தை எடுத்தார். லண்டன் போலீஸ் கணக்கைக் கொடுத்தாக வேண்டியிருந்தது: 2018 முதல் 2020 வரை 650 பிள்ளைகள். அடுத்த ஆண்டு இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதுக்கும் கேட்டார். 2018 முதல் 2022 நடுப்பகுதி வரை 2,847. மிக இளையவருக்கு 8 வயது. பாதிக்கும் மேற்பட்ட சோதனைகளில், கூட இருக்க வேண்டிய பொறுப்பான பெரியவர் இல்லை. அதுவரை இந்த எண்களை யாரும் கூட்டிப் பார்த்திருக்கவில்லை. அமைதியாக உள்ளே வந்தவர் ஒரு கணக்குக் காகிதத்தால் செய்த வேலை இது.

நம் பக்கம் திரும்பினால், மலேசியாவில் 2019இல் சுஹாகாமுக்குள் சிறார் ஆணையர் பதவி வந்தது. பேராசிரியர் நோர் அஸியா முகமட் அவால் முதலில் அதில் அமர்ந்தார். சுஹாகாம் 1999 சட்டத்தில் பிறந்தது. அதன் ஆண்டறிக்கை நாடாளுமன்றத்தில் முதன்முதலாக விவாதிக்கப்பட்டது 2019 டிசம்பரில். நடுவில் இருந்த ஆண்டுகளில் அறிக்கைகள் மேசைக்கு வந்தன, அலமாரிக்குப் போயின. கேள்வி கேட்கப்படாத ஆணையருக்கும் பதில் சொல்ல வேண்டியிராத அமைச்சருக்கும் ஒருவரை ஒருவர் தொந்தரவு செய்யும் தேவை இருந்ததில்லை. 2009இன் அந்தக் குழு அறையை நான் பொறாமையோடு படிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். தோற்றார்களோ இல்லையோ, கேட்டார்கள். கேட்டது அச்சில் இருக்கிறது.

டி சூசாவின் 6 ஆண்டுகள் 2021 மார்ச்சில் தொடங்கின. அவருக்குப் பின் வருபவரையும் ஓர் அமைச்சர்தான் தேர்ந்தெடுப்பார். தேர்வில் குழந்தைகளைச் சேர்த்துக்கொள்ளத் தகுந்த முயற்சி எடுக்க வேண்டும் என்று இப்போது சட்டமே சொல்கிறது. தேர்வுக்குழுவின் முன்னால் ஒரு நாற்காலியும் போடப்படும். குழு என்ன எழுதினாலும் அமைச்சரை அது கட்டுப்படுத்தாது. அந்த விதியை மட்டும் 2009க்குப் பிறகும் யாரும் மாற்றவில்லை.